குண்டாவுக்குள் போன கை

அவரைப் பற்றி எழுதுவதென்றால் முகத்திலிருந்து தொடங்க முடியாது; வலது கையிலிருந்துதான் தொடங்க வேண்டும். முழங்கை வரை நனைந்த கை. மணிக்கட்டில் சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக வளையங்கள். வளையல் என்று நினைத்துவிடாதீர்கள். என் மெஸ்ஸில் சாம்பார் பார்சல் கட்டுகிற ரப்பர் பேண்டுகள் அவை. கழனித்தண்ணிக் குண்டாவுக்குள் கைவிட்டு அடிவரை துழாவும்போது அகப்படும் ஒவ்வொன்றையும் மணிக்கட்டில் மாட்டிக்கொண்டே போவார். முடித்ததும் குழாயடியில் கழுவி, பின்வாசல் சுவரில் இருந்த ஆணியில் மொத்தத்தையும் கழற்றித் தொங்கவிடுவார்.

"நாளைக்கு ஆகுமுங்க," என்பார்.

அவர் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதட்டுமா என்று போய்க் கேட்கிற முகம் எனக்கு இல்லை. ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

நான் காளப்பநாயக்கன்பட்டிக்காரன். கொல்லிமலைமேல் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கட்டடம் வாடகைக்குக் கிடைத்ததும், எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் கண்ணை மூடிக்கொண்டே பஸ்ஸில் கடந்து வந்து மெஸ் போட்டவன். "தூங்குறீங்களாண்ணா?" என்று கண்டக்டர் கேட்டார். "இல்ல தம்பி, கண்ணைத் திறந்தா மலை என்னைப் பாத்துப் பயந்துக்கும்," என்றேன். பஸ்ஸே சிரித்தது. சட்டைக்குள் வேர்வை ஆறாக ஓடியது எனக்கு மட்டும்தான் தெரியும்.

இது என் வியாதி. பயம் வந்தால் மற்றவர்களுக்குக் கை நடுங்கும், நாக்கு உலரும். எனக்கு வாய் ஜோக்கடிக்கும். எதிரில் இருப்பவர்கள் சிரித்து முடிப்பதற்குள் ஆபத்து கடந்துபோய்விடும் என்பது என் வாயின் நம்பிக்கை. பெரும்பாலும் கடந்தும் போயிருக்கிறது. என்மேல் ஏறாமல் பக்கத்தில் நின்றவர்மேல் ஏறிப் போயிருக்கிறது என்பதை ரொம்பத் தாமதமாகத்தான் கவனித்தேன்.

மெஸ் திறந்த முதல் வாரம். மிஞ்சியது, உரித்தது, வடித்தது எல்லாவற்றையும் பின்பக்கம் ஒரு டிரம்மில் கொட்டிக்கொண்டிருந்தோம். மத்தியானக் கூட்டம் ஓய்ந்த நேரத்தில் பின்வாசலில் ஒரு குரல்.

"ஏனுங்க, கழனித்தண்ணி இருக்குதுங்களா? மாட்டுக்கு."

வாழவந்தி நாட்டுப் பக்கம் ஒரு சின்ன ஊர்க்காரர். ஐம்பத்தைந்து வயது இருக்கும். கணவர் இறந்து பல வருடம். கொஞ்சம் மரவள்ளி, பத்துப் பன்னிரண்டு மரத்தில் மிளகுக்கொடி, ஒரு மாடு. இதெல்லாம் பிறகு என் மனைவி விசாரித்துச் சொன்னது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், என் டிரம்மை இலவசமாகக் காலிசெய்ய ஓர் ஆள் கிடைத்துவிட்டது என்பதுதான்.

"டிரம்மே உங்களுக்குத்தாங்கக்கா. அள்ளிக்குங்க," என்றேன்.

எட்டிப் பார்த்தார். கையை விட்டார். இலைச்சோறு, வெங்காயத் தோல், கோழி எலும்பு, டீத்தூள் சக்கை, கடைசியில் ஒரு ஷாம்பு பாக்கெட் வந்தது.

"இது ஆருக்குங்க?" என்றார்.

"மாட்டுக்குத்தான். நீங்கதானே கேட்டீங்க?"

"குடுத்தா திங்குமுங்க. அது பாவம், வாயில்லாத சீவன். திங்குதுன்னு குடுத்தறலாமுங்களா?"

"மாடு என்னங்கக்கா, ஜாதகமா பாக்குது?"

"அது பாக்காதுங்க. அதுக்காகத்தான் நான் பாக்கறது."

மறுநாள் நான்கு பாத்திரங்களோடு வந்தார். பெரிய அலுமினியக் குண்டா மாட்டுக்கு: அரிசி களைந்த தண்ணீர், வடிகஞ்சி, காய்த்தோல், இலைக்குப் போகாமல் சட்டியிலேயே மிஞ்சிய சோறு. எச்சில் ஒரு பருக்கை அதில் விழக்கூடாது. இலையில் மிஞ்சிய எச்சில் சோறு இரண்டாவதில். அது பன்றி வளர்க்கிற பக்கத்து வீட்டுக்காரருக்கு. எலும்பும் மீன்முள்ளும் மூன்றாவதில். அவர் காட்டில் நாய் தோண்டாத ஆழத்தில் ஒரு குழி இருந்தது. டீத்தூள் சக்கையும் முட்டை ஓடும் நான்காவதில், மிளகுக்கொடியின் காலடிக்கு. எங்கள் மாஸ்டர், "நான் சமைக்கவே இத்தனை ஏனம் கேட்டதில்லையேப்பா," என்று தலையில் அடித்துக்கொண்டார்.

எதைக் கையில் எடுத்தாலும் அவருக்கு ஒரே கேள்விதான். இது ஆருக்குங்க? எலுமிச்சைத் தோலை எடுத்துக் கேட்பார். கருகிப்போன தோசையை எடுத்துக் கேட்பார். பதில் கிடைக்காத பொருளைக் கையிலேயே வைத்துக்கொண்டு நிற்பார், பஸ் ஸ்டாண்டில் தொலைந்துபோன குழந்தையைப் பிடித்துக்கொண்டு நிற்பவரைப் போல.

எங்கள் சமையலை ஒருநாளும் சாப்பிட்டதில்லை. ஆனால் அதைப் பற்றி எங்கள் எல்லோரையும்விட அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. "வாழைக்காய் திரும்பி வருதுங்க," என்றார் ஒருநாள். மாஸ்டருக்குக் கோபம் வந்துவிட்டது. "இலை எடுத்துப் போடற எடத்துல நின்னுக்கிட்டு எனக்குச் சமையல் சொல்லித் தராங்களா?" என்று கரண்டியைத் தூக்கிப் போட்டார். மறுநாள் வாழைக்காயை இன்னும் கொஞ்சம் வேகவிட்டார். அதற்கு மறுநாள் எச்சில் பாத்திரம் பாதிதான் நிறைந்தது. இத்தனை வருடத்தில் அந்த அக்கா முன்வாசல் வழியாக ஒருமுறைகூட வந்ததில்லை. வாங்க என்று நானும் சொன்னதில்லை.

மாத்திரைக் கதையைச் சொல்லாமல் விட்டால் என் மனைவி கோபித்துக்கொள்வாள். எனக்கு ரத்தக்கொதிப்பு இருக்கிறது என்று கீழே ஒரு டாக்டர் தினம் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். டப்பாவுக்குள் மடித்து வைத்திருந்த காகிதத்தைப் படித்தேன். தலைசுற்றலாம், மயக்கம் வரலாம், நாக்கு வீங்கலாம். நாக்கு வீங்கினால் எப்படி ஜோக்கடிப்பது? நோயைவிட மாத்திரைமேல் பயம் வந்துவிட்டது. மனைவி நீட்டுகிற மாத்திரையை உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு வெறும் தண்ணீரைக் குடிப்பேன். பின்பக்கம் போய்க் குண்டாவில் போட்டுவிடுவேன். ரோஸ் கலரில் பளபளவென்று இருக்கும் அந்த மாத்திரை, காய்த்தோலுக்கு நடுவே அவ்வளவு சீக்கிரம் கரையாது என்பது எனக்குத் தெரியாது.

ஒரு வாரம் கழித்துக் காகிதத்தில் எதையோ பொட்டலம் கட்டிக்கொண்டு வந்தார். என் மனைவியிடம் நீட்டினார்.

"கண்ணு, இது ஆருக்குங்க? எம்மாட்டுக்குக் கொதிப்பு இல்லீங்க."

பொட்டலத்தில் ஐந்து மாத்திரைகள். மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ரோட்டுல டூரிஸ்ட் வண்டி ஜாஸ்தியாயிருச்சு," என்றேன். "மாடு டென்ஷன் ஆகுதோ என்னமோன்னு முன்னெச்சரிக்கையா…"

இரண்டு பேரும் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து தினமும் மத்தியானம் பின்வாசலில் குண்டாவை இறக்கிவைத்த கையோடு ஒரு குரல் வரும்: "முழுங்கிட்டாருங்களா கண்ணு?" உள்ளேயிருந்து மனைவி, "ஆச்சுங்கக்கா," என்பாள். அவர் வந்த காலம் வரைக்கும் என் ரத்தக்கொதிப்பு ஒழுங்காக இருந்தது.

பிறகு விதி வந்தது. தலைவிதியைச் சொல்லவில்லை, பழுப்புக் கவரில் வந்த விதி. ஓட்டல், மெஸ், ரிசார்ட், டீக்கடை எல்லாம் குப்பையைத் தரம் பிரிக்க வேண்டும். மக்குவதைப் பச்சை வாளியில், மக்காததை நீல வாளியில் போட்டு, வருகிற வண்டியில் சேர்க்க வேண்டும். மீறினால் அபராதம், திரும்பவும் மீறினால் உரிமம் ரத்து. பழுப்பு நிறத்தில் கவர் எது வந்தாலும் என் வயிறு முதலில் படித்துவிடும்.

எங்களை எல்லாம் கூப்பிட்டு ஒரு கூட்டம் போட்டார்கள். கண்ணாடி போட்ட இளம் ஆய்வாளர், நல்ல மனிதர், திரையில் படம் காட்டிப் பொறுமையாக விளக்கினார். "சோறு, காய்த்தோல், எலும்பு, மீன், எச்சில், எல்லாமே உணவுக் கழிவுதாங்க. மொத்தமும் பச்சைக்குள்ள போயிரணும்." பேசப் பேச எனக்கு உரிமம் ரத்தான காகிதம் கண்முன் ஆடியது. வாய் தானாகத் திறந்துகொண்டது.

"சார், சாப்பிட்டு முடிச்சும் எந்திரிக்காம பேப்பர் படிச்சுக்கிட்டே உக்காந்திருக்காரே, அந்தக் கஸ்டமரை எந்த வாளியில போடறதுங்க?"

கூட்டம் குலுங்கியது. ஆய்வாளரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கேட்டார்: "உங்க மெஸ் எதுங்க?" சொன்னேன். எழுதிக்கொண்டார். "முதல்ல உங்க கடைக்குத்தான் வர்றேன்."

பழுப்புக் கவரில் வந்த காகிதத்தில் படமும் போட்டிருந்தது. அன்றைக்கு மத்தியானம் கழனி எடுக்க வந்த அக்காவிடம் காட்டினேன். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தார். படிக்கத் தெரியாது, படத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"எலும்பும் வடிகஞ்சியும் ஒரே வாளியிலீங்களா?"

"ரெண்டும் மக்குமில்லீங்கக்கா?"

"மக்குமுங்க. நானும் நீங்களுங்கூட மக்கிப்போவோம். அதுக்கு முன்னால ஆராச்சும் திங்கறதுக்கு இருக்காங்களான்னு பாக்கோணுமில்லீங்க?"

எது மக்கும் என்று கேட்டது காகிதம். எதை யார் தின்பார்கள் என்று கேட்டார் இவர். இரண்டுக்கும் நடுவில், ரத்தக்கொதிப்போடு நான். காகிதத்தின் கடைசியில் இன்னொரு வரி இருந்தது: உணவுக் கழிவைப் பதிவு பெறாத நபர்களிடம் கொடுக்கக்கூடாது. அதை அவருக்கு நான் படித்துக் காட்டவில்லை. பச்சை வாளி ஒன்று வாங்கிச் சமையலறை மூலையில் வைத்தேன். என் மனைவி அதில் உருளைக்கிழங்கு போட்டு வைத்தாள். நான்கு பாத்திரங்களும் இருந்த இடத்திலேயே இருந்தன.

அந்த வருடம் அவர் ஊரில் மாரியம்மன் நோம்பி சாட்டினார்கள், திருவிழாவுக்கு நாள் குறித்து ஊருக்கு அறிவித்தார்கள். சாட்டிவிட்டால் நோம்பி முடிகிற வரைக்கும் ஊரே சுத்தபத்தமாக இருக்கும். சாமிக்கு முதல் பால் ஊற்றுவது அவர் வீட்டு முறை. மாமனார் காலத்திலிருந்து வருவது. கணவர் போய், பிள்ளையும் இல்லாத வீட்டுக்கு ஊரில் மிச்சமிருந்த ஒரே மரியாதை அதுதான். வருடத்தில் அந்த ஒருநாள், ஊர்க்கவுண்டரே அவர் வாசலில் வந்து நின்று, "பால் கொண்டாங்க தாயி," என்று கூப்பிடுவாராம். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் கொஞ்சம் நிமிரும்.

"நோம்பி சாட்டியாச்சுங்க," என்றார் என்னிடம். "இனி எச்சில், கவிச்சி ஒண்ணும் மாட்டு வாயில படக்கூடாதுங்க. படாதுன்னு தெரியும். இருந்தாலும் ஒரு வார்த்தை சொல்லிப்போட்டனுங்க."

"என்னை நம்புங்கக்கா," என்றேன். யோசித்துப் பார்த்தால், நான் ஜோக்கடிக்காமல் சொன்ன வாக்கியங்கள் மிகக் குறைவு. அதில் இது ஒன்று.

நான்காம் நாள், மணி மூன்று இருக்கும். "ஆபீசர் பைக்குல வந்து எறங்கறாருங்க," என்றாள் மனைவி.

அடுத்து நான் செய்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள். பச்சை வாளியைக் கவிழ்த்தேன். உருளைக்கிழங்குகள் உருண்டு, ஒன்று முன்வாசல் வரை போய் ஆய்வாளரை வரவேற்றது. மாட்டுக் குண்டாவைத் தூக்கி வாளியில் ஊற்றினேன். எச்சில் பாத்திரத்தைத் தூக்கி ஊற்றினேன். எலும்பு, டீத்தூள், முட்டை ஓடு, எல்லாம் உள்ளே. நாலு வருடமாக அவர் பிரித்துப் பிரித்து வைத்ததை முழுசாக நாலு நிமிடத்தில் கலந்துவிட்டேன். கலந்ததற்குப் பெயர்தான் தரம் பிரித்தல்.

ஆய்வாளர் எட்டிப் பார்த்தார். "இதாங்க முறை!" என்றார். என்னை வாளிக்குப் பக்கத்தில் நிறுத்திப் போட்டோ எடுத்தார். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். போட்டோவில் அது புன்னகை மாதிரி விழுந்தது.

ஆய்வாளர் முன்பக்கம் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. அக்கா வருகிற நேரம். வந்து காலிக் குண்டாவைப் பார்த்தால் ஏன் என்று கேட்பார். வாளியைப் பார்த்தால் இது ஆருக்குங்க என்று கேட்பார். உரக்கக் கேட்பார். கழிவைப் பதிவு பெறாதவருக்குக் கொடுப்பது முன்னால் இருப்பவர் காதில் விழும். டீ வடிகட்டும் துணியை எடுத்தேன். வாளியில் தெளிவாக நின்ற தண்ணீரை மொண்டு குண்டாவுக்குள் வடித்தேன். கொஞ்சம் காய்த்தோலை அள்ளிக் கழுவி மேலே போட்டேன். உலகத்தில் எவனும் கழனித்தண்ணியை டீத்துணியில் வடித்திருக்க மாட்டான். குண்டா நிறையவில்லை. கடைசி இரண்டு சொம்பைத் துணி இல்லாமலே ஊற்றினேன்.

வந்தார். கையை விட்டார். நான் பக்கத்திலேயே நின்று, "மழை வருதுங்கக்கா, வெரசாப் போங்க, வெரசாப் போங்க," என்று விரட்டினேன். கை பாதியில் நின்றது. விரலை மூக்கருகே கொண்டுபோனார்.

"வாசம் வேறயா இருக்குதுங்களே?"

"சாம்பார்ப் பொடி மாத்தியிருக்கறமுங்க."

என்னைப் பார்த்தார். "சரீங்க. நீங்க சொன்னா சரீங்க," என்று குண்டாவைத் தலையில் தூக்கினார்.

ஓடிப்போய் நிறுத்தியிருக்கலாம். என் வண்டி வாசலில்தான் நின்றது. ஆய்வாளருக்கு இரண்டாவது டீ சொன்னேன்.

மறுநாள் காலையிலேயே வந்தார். கையில் பலா இலை, இலைமேல் ஓர் எலும்பு. கோழியின் ஏதோ ஒரு சின்ன எலும்பு, நெல்லைவிடக் கொஞ்சம் பெரிசு.

"தாழி அடியில கெடந்துச்சுங்க. மாடு குடிச்சு முடிச்சப்பறம் பாத்தேன்."

"வேற ஆராச்சும் பாத்தாங்களாங்கக்கா?"

"ஆரும் பாக்கலீங்க."

"அப்பறம் என்னங்க? ஆருக்குந்தான் தெரியாதே!"

"சாமிக்கு ஊத்தறது நானில்லீங்களா?" என்றார்.

ஊர்க்கவுண்டரிடம் முந்தின நாள் பொழுது சாயும்போதே போய்ச் சொல்லிவிட்டாராம். தன்னைத் தவிர ஒரு ஜீவனுக்கும் தெரியாத விஷயத்தை. ஊரின் வழக்கத்தையும் எனக்கு விளக்கினார். வீட்டாருக்குத் தெரியாமல் வெளியாள் கலந்துவிட்டால் மாட்டுக்கு மஞ்சள்தண்ணீர் தெளித்து, மூன்று நாள் பாலைக் கறந்து மண்ணில் ஊற்றிவிட்டால் போதும். முறை அவருக்கே இருக்கும். மாட்டுக்கு உரியவரே பார்க்காமல் விட்டிருந்தால் முறை அடுத்த வீட்டுக்குப் போய்விடும். போனது திரும்பாது.

"கோவிச்சுக்க வரலீங்க. கலந்தீங்களா, இல்லீங்களா? அது மட்டும் சொல்லுங்க."

இலைமேல் இருந்த எலும்பைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். ஆபீசர், வாளி, டீத்துணி. அவர் முகத்தில் கோபத்தைத் தேடினேன். நிம்மதிதான் இருந்தது.

"பயந்துட்டீங்க. மனுசன் பயப்படறதுதானுங்க. இதையே ஞாயித்துக்கெழமை ஊர்ல வந்து சொல்லிப்போடுங்க. போதும்."

வருகிறேன் என்றேன். போனேன். இதை மட்டும் என் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள், போனேன்.

கோயிலுக்கு முன்னால் பலா மரத்தடியில் ஊர் கூடியிருந்தது. அவர் ஒரு பக்கம் நின்றார், கைகளைக் கட்டிக்கொண்டு. அந்தக் கையை ஈரமில்லாமல் அன்றைக்குத்தான் பார்த்தேன். ஊர்க்கவுண்டர் பெரியவர், மரியாதையாகக் கேட்டார்: "கடைக்காரரே, என்ன நடந்துச்சுங்க?"

எழுந்தேன். சட்டைப்பையில் போன் துடித்தது. பழக்கதோஷம், எடுத்துப் பார்த்தேன். ஆய்வாளரிடமிருந்து செய்தி. என் போட்டோ. கீழே இரண்டு வரி: மலையிலேயே தரம் பிரிப்பில் முன்மாதிரி மெஸ்ஸாக எங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள், திங்கட்கிழமை வந்து பாராட்டுச் சான்றிதழ் வாங்கிக்கொள்ள வேண்டும்.

தலை நிமிர்ந்தேன். எதிரில் முப்பது நாற்பது முகங்கள். இரண்டு பேர் கையில் போன். கலந்தேன் என்று இங்கே சொன்னால், பதிவு இல்லாதவருக்குக் கொடுத்தேன் என்று அங்கே போய்ச் சேரும். உரிமக் காகிதம் கண்முன் ஆடியது. வாய் திறந்தது.

"ஏனுங்க, எங்க மெஸ்ஸுல கோழிக்கொழம்புல தேடினாலும் எலும்பு கெடைக்கறதில்லைன்னுதான் கஸ்டமர் எல்லாம் சண்டை போடறாங்க. இருந்த ஒண்ணும் மாட்டுக்குப் போயிருச்சுன்னா நான் அவங்களுக்கு என்ன பதில் சொல்றதுங்க?"

சிரித்தார்கள். நல்ல சிரிப்பு. ஊர்க்கவுண்டர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்த பிறகும் கேட்டார்:

"வெளையாட்டு இருக்கட்டுமுங்க. கலந்தீங்களா, இல்லீங்களா?"

இன்னொரு வாய்ப்பு. யாருக்குக் கிடைக்கும்?

"எங்களுது எல்லாம் முறைப்படி பிரிச்சு வெக்கறதுங்க. ஆபீசரே போட்டோ எடுத்திருக்காரு, பாருங்க," என்று போனை நீட்டினேன். போன் கைமாறிக் கைமாறிப் போனது. பச்சை வாளியையும் என் புன்னகையையும் ஊர் பார்த்தது. அக்காவின் கைக்கும் வந்தது. பார்த்தார். வாளிக்குப் பின்னால், போட்டோவின் மூலையில், கவிழ்ந்து கிடந்த அவருடைய காலிக் குண்டா இருந்தது. அதை நான் அதுவரை கவனிக்கவில்லை. அவர் கவனித்தார் என்பது எனக்குத் தெரியும். எதையும் அடிவரை பார்க்காமல் விடுகிறவர் இல்லை அவர்.

போனைப் பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்துவிட்டு, உலர்ந்திருந்த கையைப் புடவையில் துடைத்தார்.

"அப்ப நாந்தான் பாக்காம உட்டுப்போட்டனுங்க," என்றார் ஊர்க்கவுண்டரிடம்.

அவ்வளவுதான் பேச்சு. முதல் பால் அடுத்த வீட்டுக்குப் போனது.

திங்கட்கிழமை மத்தியானம், நான் சான்றிதழோடு திரும்பிய நேரத்தில், பாத்திரங்களை எடுக்க வந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் ஒரு ஜோக் தயாராக வைத்திருந்தேன். நான்கையும் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினார். எல்லாவற்றையும் தனித்தனியாக வைத்தவர் ஒன்றாக அடுக்கியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். புறப்படும்போது வாசலில் நின்று, வழக்கம்போல உள்ளே பார்த்துக் கேட்டார்:

"முழுங்கிட்டாருங்களா கண்ணு?"

மனைவி அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான்தான், "ஆச்சுங்கக்கா," என்றேன்.

பிறகு ஒருமுறை பஸ்ஸில் பார்த்தேன். "நல்லா இருக்கறீங்களா?" என்று அவரே கேட்டார். மாட்டைக் கொடுத்துவிட்டாராம். "கழனிக்கு எங்க போறதுங்க?" என்றார், வானிலையைப் பற்றிச் சொல்வது போல. மணிக்கட்டில் ஒன்றும் இல்லை. நான் எழுபது வளைவுக்கும் கண்ணை மூடிக்கொண்டேன். அந்தமுறை கண்டக்டரிடம் ஒன்றும் சொல்லவில்லை.

சான்றிதழுக்குக் கண்ணாடி போட்டு மாட்ட இடம் தேடியபோது, பின்வாசல் ஆணிதான் காலியாக இருந்தது. அதில்தான் தொங்குகிறது. மனைவி இப்போதெல்லாம் மாத்திரையைக் கல்லாமேசைமேல் வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். முழுங்கினேனா என்று கேட்பதில்லை. பயம் போகவில்லை, காகிதத்தில் போட்டிருந்தபடி நாக்கு வீங்கிவிடுமோ என்று இன்னும்தான் இருக்கிறது. எடுத்துக்கொண்டு பின்பக்கம் போகிறேன். பச்சை வாளியில் சோறும் எலும்பும் தோலும் டீத்தூளும் முறைப்படி ஒன்றாகக் கிடக்கின்றன. நடுவில் ரோஸ் கலரில் ஒரு மாத்திரை பளபளக்கிறது.

வண்டி வருகிறது. வாளியை வாங்கிக் கவிழ்த்துக்கொண்டு போகிறார்கள். நான் கொஞ்ச நேரம் அங்கேயே நிற்பேன், இது ஆருக்குங்க என்று யாராவது கேட்பார்களா என்று. யாரும் கேட்பதில்லை.